இடுப்புத் தமனியில் 3.8 செ.மீ. வீக்கம்: வயிற்றைத் திறப்பதா, தொடை வழியாக ஸ்டென்ட் வைப்பதா?

பஞ்சப்பள்ளியான்

அனைவருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 67. தக்காளி, ராகி, மாட்டுக்குக் கொஞ்சம் சோளம் என்று இன்றைக்கும் காட்டிலேயே கிடக்கிறவர். பீடியை விட்டுவிட்டதாகச் சொல்கிறார். அம்மா நம்பத் தயாராக இல்லை. தீபாவளிக்கு முன்பிருந்தே வலது விலாவுக்குக் கீழே மந்தமான வலி. தருமபுரிப் பக்கத்தில் இடுப்பு வலித்தால் பழி முதலில் தண்ணீர்மேல்தான் விழும். புளோரைடு கலந்த கிணற்றுநீர் குடித்து வளர்ந்த தலைமுறை. ஒகேனக்கல் குழாய் வந்து பத்தாண்டுக்கு மேலாகியும் எந்த வலிக்கும் அதே விளக்கம்தான். அது ஓய்ந்ததும் "கல்லடைப்பாக இருக்கும்" என்று வாழைத்தண்டுச் சாறு தொடங்கியது.

கடைசியில் பாலக்கோட்டில் ஸ்கேன் எடுத்தோம். கல் இல்லை. வலது சிறுநீரகத்தில் நீர் தேங்கி லேசாக வீங்கியிருக்கிறது, அதற்குக் கீழே வலது பொது இலியாக் தமனி (இடுப்புக்குள் இறங்கும் பெரிய ரத்தக்குழாய்) 3.8 செ.மீ. அளவுக்கு விரிந்து அன்யூரிசம் ஆகியிருக்கிறது, ரத்தநாள அறுவை மருத்துவரை உடனே பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். பிறகு சேலத்தில் சி.டி. ஆஞ்சியோகிராம், அதாவது சாய மருந்து செலுத்தித் தமனிகளை எடுக்கும் படம். இதயத்திலிருந்து வயிற்றுக்குள் இறங்கும் மகாதமனி 2.2 செ.மீ., இடதுபக்க இலியாக் 1.2, வலது அதே 3.8. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.4, கொஞ்சம் கூடுதல். சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் உண்டு.

பெங்களூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் "தொடை வழியாக ஸ்டென்ட் வைத்துவிடலாம், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம்" என்றார்கள். சென்னையில் ஓர் அரசு மருத்துவர் "வயிற்றைத் திறந்து குழாய் மாற்றுவதே இவருக்கு நல்லது" என்கிறார். ஓசூரில் இருக்கும் அண்ணன் ஸ்டென்ட் கட்சி. சித்தப்பா எதுவுமே வேண்டாம் கட்சி. நான் எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை. விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாமை_வரகு

தம்பி, சித்தப்பா சொல்வதைக் கேளுங்கள். வலி பொறுக்கிற அளவில் இருக்கிறது, மனிதர் காட்டு வேலை செய்கிறார். இந்த வயதில் வயிற்றைக் கிழித்து எதைச் சாதிக்கப் போகிறீர்கள்? அரூர்ப் பக்கம் வயிறு கிழித்தவர் யாரும் பழையபடி மண்வெட்டி பிடித்து நான் பார்த்ததில்லை. ஸ்கேன் என்று ஒன்று வந்த பிறகுதான் இத்தனை நோயும். நெருஞ்சில் குடிநீர் கொடுங்கள், உப்பைக் குறையுங்கள். பயமுறுத்துவது மருத்துவமனைக்காரர்களின் பிழைப்பு.

வெள்ளுடை

ஐயா, நெருஞ்சில் நீர் பிரிவதற்குக் கொடுப்பது. விரிந்துபோன தமனியைச் சுருக்கும் குடிநீர் எதுவும் கிடையாது. மாத்திரையும் கிடையாது, அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

கிருஷ்ணகிரி மாவட்டத்து அரசு மருத்துவமனைகளில் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இது வெடித்த நிலையில் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அடிவயிற்றிலோ இடுப்பிலோ திடீரென்று பிளப்பது போன்ற வலி, உடம்பெல்லாம் வியர்வை, மயக்கம், நாடி கைக்குப் பிடிபடாது. வாயுப் பிடிப்பு என்று சோடா வாங்கிக் கொடுத்துப் பொன்னான நேரத்தைப் போக்கியிருப்பார்கள். அந்த நிலையில் பலர் மருத்துவமனை வாசலையே தொடுவதில்லை. தொட்டவர்களிலும் எல்லோரும் பிழைப்பதில்லை. அப்படி ஒரு வலி வந்தால் யோசிக்காமல் 108.

பஞ்சப்பள்ளித் தம்பிக்கு: அறுவை நாள் வரும்வரை ரத்த அழுத்த மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக்கூடாது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீட்டுக்கே மாத்திரை வரும், தீர்ந்துபோயிற்று என்ற சாக்கு வேண்டாம். பீடி அடியோடு நிற்க வேண்டும். மூட்டை தூக்கக் கூடாது, மலச்சிக்கலில் முக்கக் கூடாது.

முக்கியமாக இன்னொன்று. நீர்க்கடுப்பு, கல்லடைப்பு என்று யாராவது சிப்ரோஃப்ளோக்சசின், லெவோஃப்ளோக்சசின் கொடுத்தால், வீக்கம் இருப்பதைச் சொல்லி வேறு மருந்து கேளுங்கள். மகாதமனி வீக்கம் உள்ளவர்கள் அந்த வகை மருந்தைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 டிசம்பரில் எச்சரித்தது. நம் பக்கம் சீட்டே இல்லாமல் வாங்கி விழுங்குகிறார்கள்.

பஞ்சப்பள்ளியான்

அக்கா, அப்பாவின் சட்டைப்பையில் பாதி தீர்ந்த அட்டை ஒன்று இருந்தது. சிப்ரோஃப்ளோக்சசின் 500 மி.கி. மருந்துக்கடையில் அவராகவே கேட்டு வாங்கியிருக்கிறார். பிடுங்கிவிட்டேன்.

ஊத்தங்கரை_மருத்துவன்

ரத்தநாள அறுவைத் துறையில் வேலை செய்கிறேன். படங்களைப் பார்க்காமல் இதைச் செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன். எதைக் கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். நீங்களும் அண்ணனும் வேறு எதையோ வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

மகாதமனி தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிகிறது. அவைதாம் பொது இலியாக் தமனிகள். ஒவ்வொன்றும் இடுப்புக்குள் இறங்கி மீண்டும் இரண்டாகும். வெளி இலியாக் காலுக்குப் போகும். உள் இலியாக் பிட்டத் தசை, சிறுநீர்ப்பை, மலக்குடல், பிறப்புறுப்பு ஆகியவற்றுக்கு ரத்தம் தரும். பொது இலியாக்கின் இயல்பான குறுக்களவு 1 செ.மீ.க்குச் சற்று முன்பின். ஆண்களுக்கு 1.8 அளவைத் தாண்டினால் அன்யூரிசம் என்கிறோம். பெரும்பாலும் மகாதமனி வீக்கத்தோடு சேர்ந்தே வரும். உங்கள் அப்பாவுக்கு இருப்பதுபோல் இலியாக்கில் மட்டும் வருவது அரிது.

3 செ.மீ.க்குள் என்றால் ஆண்டுதோறும் ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தால் போதும். 3.5 அளவை ஒட்டி அறுவையைப் பற்றிப் பேசுவோம். 4 வரை பொறுக்கலாம் என்போரும் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்கெல்லாம் தொந்தரவு தராத வீக்கத்துக்கு. சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய், பொது இலியாக் பிரிகிற இடத்தின் மேலே ஏறித்தான் இடுப்புக்குள் இறங்குகிறது. அங்கே வீக்கம் அழுத்துவதால்தான் உங்கள் அப்பாவுக்குச் சிறுநீர் தேங்கியிருக்க வேண்டும். இப்படி வேறு உறுப்பை அழுத்தத் தொடங்கிய வீக்கத்துக்கு செ.மீ. பார்த்துக் காத்திருப்பதில்லை. ஆகவே சித்தப்பா கட்சி கலைக்கப்படுகிறது.

மிச்சமுள்ள இரண்டு மருத்துவர்களிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "உள் இலியாக் தமனியை என்ன செய்யப் போகிறீர்கள்?"

காரணம் இதுதான். உறை போட்ட ஸ்டென்ட், அதாவது துணி போர்த்திய உலோக வலைக்குழாய், இரண்டு முனையிலும் நல்ல தமனிச் சுவரைப் பற்றிக்கொள்ள வேண்டும். பொது இலியாக் கடைசிவரை விரிந்திருந்தால் கீழ்முனை பற்ற அங்கே இடமில்லை. வெளி இலியாக்கில் போய்த்தான் நிற்கும். நின்றால் உள் இலியாக்கின் வாய் மறைந்துவிடும். அதன் வழியாக ரத்தம் பின்னோக்கி வந்து வீக்கத்தை மறுபடி நிரப்பாமலிருக்க, உலோகச் சுருளையோ அடைப்பானையோ முன்கூட்டியே வைத்து அதை மூடிவிடுவார்கள். இன்னொரு வழி, கிளை உள்ள ஸ்டென்ட். ஒரு கிளை காலுக்கு, மற்றது உள் இலியாக்குக்கு. நல்ல கருவி, ஆனால் விலை கூடுதல், எல்லோருடைய தமனி அமைப்புக்கும் பொருந்தாது. பெங்களூரில் இவற்றில் எதைச் சொன்னார்கள்?

திறந்த அறுவையில் நடுவயிற்றைத் திறப்போம், அல்லது விலாப்பக்கம் கீறிக் குடலை அதன் உறையோடு ஒதுக்கிக்கொண்டு உள்ளே போவோம். சிறுநீர்க்குழாயைக் கண்டுபிடித்து, மெல்லிய ரப்பர் நாடா சுற்றி ஒதுக்கி வைத்த பிறகுதான் மற்ற வேலை. ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுத்து, மேலும் கீழும் கவ்வி போட்டு, வீக்கத்தை நீளவாக்கில் திறந்தால் உள்ளே பழைய ரத்தக்கட்டி அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். அதைக் கையாலேயே வழித்தெடுப்போம். பாலியெஸ்டர் குழாயை உள்ளே வைத்துத் தைத்து, பழைய சுவரையே அதன்மேல் போர்த்தி மூடுவோம். வீக்கத்தை முழுதாக வெட்டி எடுப்பதில்லை. இலியாக் சிரை அதன் பின்சுவரோடு ஒட்டிக்கிடக்கும். பிரிக்கப் போனால் சிரை கிழிந்து, தமனி ரத்தப்போக்கே தேவலை என்று ஆகிவிடும். உள் இலியாக்கை இங்கே புதுக் குழாயோடு இணைத்துக் காப்பாற்ற வழி உண்டு.

தொப்பூர்_லாரி

டாக்டர் சொன்ன அந்தக் கேள்வியை எனக்கு அன்று யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கு மகாதமனியிலும் வலது இலியாக்கிலும் வீக்கம். ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டென்ட் வைத்தார்கள், வலது உள் இலியாக்கைச் சுருள் வைத்து மூடினார்கள். மூடப்போகிறோம் என்பது ஒப்புதல் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. வாயால் யாரும் சொல்லவில்லை.

சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன், தழும்பு தெரியவே தெரியாது, அதிலெல்லாம் குறையில்லை. ஆனால் ஷெட்டிலிருந்து டீக்கடை வரை நடந்தால் வலது பிட்டம் கல்லாக இறுகிக் கடுக்கும். நின்றால் விட்டுவிடும், நடந்தால் மறுபடி பிடிக்கும். மேடு என்றால் பாதியிலேயே. முதுகெலும்பு நரம்பு என்று நினைத்து எண்ணெய் தேய்த்து அலைந்தேன். ஆண்கள் வெளியில் சொல்லத் தயங்குகிற இன்னொன்றும் பாதித்தது, புரிகிறவர்களுக்குப் புரியும். தினமும் நடந்து நடந்து இப்போது பாதி குறைந்திருக்கிறது. எனக்கு ஸ்டீயரிங் முன்னால் உட்காருகிற தொழில், சமாளித்துக்கொண்டேன். தக்காளிக் காட்டுக்காரருக்கு எப்படி என்று யோசியுங்கள்.

ஊத்தங்கரை_மருத்துவன்

தொப்பூர் ஐயாவுக்கு நடந்தது அபூர்வமல்ல. ஒருபக்கத்து உள் இலியாக்கை மூடினால் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இந்தப் பிட்டவலி வருகிறது. நடைப்பயிற்சியில் பலருக்குக் குறையும், சிலருக்கு நிலைத்துவிடும். இரண்டு பக்கமும் மூடினால் குடலுக்கும் தண்டுவடத்துக்கும்கூட ஆபத்து உண்டு. ஒன்றையாவது காப்பாற்றப் பார்ப்பது அதனால்தான். நியாயமாக மறுபக்கமும் சொல்ல வேண்டும்: திறந்த அறுவையிலும் அந்தப் பகுதி நரம்புகள் பட்டு ஆண்மைக் குறைவு வரலாம். அதையும் அப்பாவிடம் நேராகச் சொல்லுங்கள், 67 வயதில் இது எதற்கு என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

சாமை_வரகு

சரி, சிறுநீரகம் வீங்கினால் சும்மா இருக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீக்கத்துக்கு மேலே ஒரு முடிச்சுப் போட்டு ரத்தத்தை நிறுத்தினால் அது தானே வற்றிவிடாதா? இதற்கு எதற்கு லட்சக்கணக்கில் குழாய்?

பழைய_ஏடு

ஐயா கேட்பதை இருநூறு ஆண்டுக்கு முன்பு பெரிய பெரிய அறுவையாளர்கள் செய்தே பார்த்தார்கள். 1817இல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் ஆஸ்ட்லி கூப்பர், இலியாக் வீக்கம் வெடித்துக் கசிந்துகொண்டிருந்த ஒருவருக்கு மகாதமனியையே நூலால் கட்டினார். மயக்க மருந்து வருவதற்கு முந்திய காலம். நோயாளி இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. அதற்கும் முன்பே, 1812இல், கரீபியன் தீவான செயின்ட் கிராயில் வில்லியம் ஸ்டீவன்ஸ் என்பவர் ஓர் அடிமைப் பெண்ணுக்கு உள் இலியாக்கைக் கட்டினார், அவள் பிழைத்தாள். 1827இல் நியூயார்க் அறுவையாளர் வாலன்டைன் மாட் பொது இலியாக்கைக் கட்டி வெற்றி கண்டார். கட்டுவது போய் மாற்றுவது வருவதற்கு 1951 ஆயிற்று. பாரிஸில் சார்ல் துபோ, இறந்தவர் உடலிலிருந்து எடுத்த தமனியை வைத்து மகாதமனி வீக்கத்தை மாற்றினார். பிறகு அமெரிக்காவில் மைக்கேல் டிபேக்கி, டேக்ரான் என்ற பாலியெஸ்டர் துணியை வீட்டுத் தையல் இயந்திரத்தில் குழாயாகத் தைத்துப் பார்த்தார். தொடை வழி ஸ்டென்ட்டை 1990இல் புவெனஸ் ஐரிஸில் மகாதமனி வீக்கத்துக்கு வைத்துக் காட்டியவர் ஹுவான் பரோடி.

பாடம் நடத்துகிற பழக்கம் விடவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊத்தங்கரை_மருத்துவன்

வாத்தியார் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். மாட் கட்டிய பிறகும் அந்தக் காலுக்கு ரத்தம் எப்படிப் போயிற்று? இடுப்புக்குள் இடது, வலது உள் இலியாக் கிளைகள் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன. சொட்டுநீர் லைன் போட்டவர்களுக்குத் தெரியும்: இரண்டு லைன்களைக் கடைமுனையில் இணைத்திருந்தால், ஒன்றின் மேல்வால்வை மூடினாலும் தண்ணீர் கீழிருந்து ஏறி வரும். காலைக் காப்பாற்றியது அந்த வழிதான். வீக்கத்தை மறுபடி நிரப்புவதும் அதே வழிதான். உள் இலியாக் வீக்கத்துக்கு மேல்வாயை மட்டும் கட்டிவிட்டு, ஆண்டுகள் கழித்து அது பெருத்து வெடித்த நோயாளிகள் உண்டு. கட்டிவிட்ட காரணத்தாலேயே பின்னால் சரிசெய்ய மேலிருந்து கம்பி நுழைக்கும் பாதையும் அடைபட்டிருக்கும். ஆகையால் உள் இலியாக்கில் வீக்கம் என்றால் அதைத் திறந்து, உள்ளே தெரிகிற ஒவ்வொரு கிளைவாயையும் உள்ளிருந்தே தைத்து அடைக்கிறோம்.

மத்தூர்_மகள்

இந்தச் செலவுக்குக் காப்பீடு உண்டா? என் மாமனாருக்கு மகாதமனியில் வீக்கம், கேட்டால் ஆளுக்கொரு தொகை சொல்கிறார்கள்.

வெள்ளுடை

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு அம்மா. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதாரோடு ஆட்சியர் அலுவலகத்துக் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். அட்டை கைக்கு வந்த பிறகு மருத்துவமனையில் சேருங்கள், சேர்ந்த பிறகு அட்டைக்கு ஓடாதீர்கள். எந்த வகை ஸ்டென்ட் தொகுப்பில் அடங்கும், மிச்சம் கையிலிருந்து எவ்வளவு என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் எழுத்தில் கேளுங்கள்.

நெறியாளர்

மருத்துவமனைகளின் பெயரைக் குறிப்பிட்டுக் குறை கூறிய பதிவுகள் நீக்கப்பட்டன. அனுபவத்தை எழுதுங்கள், பெயரை விட்டுவிடுங்கள்.

பஞ்சப்பள்ளியான்

இரண்டு இடத்திலும் அந்தக் கேள்வியைக் கேட்டேன். பெங்களூரில் கொஞ்சம் தயங்கி, "மூடத்தான் வேண்டியிருக்கும், கிளை ஸ்டென்ட்டும் வைக்கலாம், ஆனால் தமனி மிகவும் வளைந்திருக்கிறது, செலவும் ஏறும்" என்றார்கள். ஸ்டென்ட் வைத்த பிறகு கசிவு பார்க்க ஒரு மாதத்தில், பிறகு ஆண்டுதோறும் சி.டி. தேவைப்படலாம் என்றும் சொன்னார்கள். கிரியாட்டினின் 1.4 உள்ளவருக்கு ஒவ்வொரு முறையும் சாய மருந்தா என்பது என் கவலை. சென்னை மருத்துவர் காகிதத்தில் வரைந்தே காட்டினார்: உள் இலியாக்கைப் புதுக் குழாயில் ஒட்டவைப்பதாகத் திட்டம். எக்கோ எடுத்துப் பார்த்ததில் இதயம் தாங்கும் என்கிறார்கள்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எதைச் செய்தால் மேட்டுக்காட்டுக்கு நடந்து போகலாம்?" என்று மட்டும் கேட்டார். அண்ணன் அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டான். திறந்த அறுவை என்று முடிவாயிற்று.

தொப்பூர்_லாரி

நல்ல முடிவு. ஆனால் இதைப் படிக்கிற எல்லோரும் வயிற்றைத் திறக்கக் கிளம்பிவிடாதீர்கள். எனக்கு அப்போது இதயத்தில் அடைப்பு இருந்தது. திறந்திருந்தால் மேசையிலேயே போயிருப்பேன் என்று பிறகு ஒரு மருத்துவர் சொன்னார். எனக்குக் கோபம் சொல்லாமல் செய்ததில்தான்.

ஊத்தங்கரை_மருத்துவன்

ஆம். இதயம், நுரையீரல் பலவீனம், முன்பே வயிற்றில் பலமுறை அறுவை நடந்து குடல் ஒட்டிக்கிடப்பது, வயது 80ஐத் தாண்டியது என்றால் நானே முதலில் ஸ்டென்ட்டைத்தான் பார்ப்பேன்.

பஞ்சப்பள்ளியான்

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். அறுவைக்கு முன்பே சிறுநீர்க்குழாயில் டி.ஜே. ஸ்டென்ட் ஒன்று வைத்தார்கள் (சிறுநீர் தடையில்லாமல் இறங்க வைக்கும் மெல்லிய குழாய், தமனி ஸ்டென்ட் அல்ல), அறுவையின்போது குழாயைக் கண்டுபிடிக்கவும் அது உதவுமாம். ரத்தத்துக்கு ஊரிலிருந்து ஒரு வேனில் பையன்கள் வந்தார்கள்; அவர்களுக்கு நன்றி சொல்லவே தனி இழை வேண்டும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். இரண்டு பாதத்திலும் நீல மையில் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். நாடி கிடைக்கிற இடமாம். செவிலியர் மணிக்கு ஒருமுறை பேனா போன்ற கருவியை அந்தக் குறியின்மேல் வைப்பார், புஸ் புஸ் என்று சத்தம் வரும், எழுதிக்கொண்டு போவார். ஒருமுறை வலதுகாலில் சத்தம் வரவில்லை. அவர் பதறவில்லை, பசையை இன்னும் கொஞ்சம் தடவிச் சாய்த்து வைத்தார், வந்தது. எனக்குத்தான் கை நடுங்கிவிட்டது. அடுத்து எல்லோரும் ஒரே கேள்வி: "வாயு பிரிந்ததா?" குடல் விழித்துக்கொள்ள நாள் பிடித்தது. அதுவரை வாயில் ஒன்றும் இல்லை, "ஒரு வாய் களிக்கரைசல் கொடு" என்று என்னிடம் கெஞ்சினார்.

இப்போது வாசல்வரை நடக்கிறார். பிட்டவலி இல்லை. டி.ஜே. ஸ்டென்ட்டை எடுக்க மறுபடி போக வேண்டும். சந்தேகம் இதுதான்: தக்காளி சீசன் வந்துவிட்டது, கிரேடு (தக்காளிப் பெட்டி) தூக்க எப்போது விடலாம்? கேட்டுக் கேட்டு என் உயிரை எடுக்கிறார்.

சாமை_வரகு

நல்லபடியாக வந்தாரே, அது போதும் தம்பி. வயிற்றுக்கு மட்டும் முருங்கைக்கீரைச் சாறு கொடுங்கள், இதற்காவது யாரும் சண்டைக்கு வரமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

வெள்ளுடை

கொடுக்கலாம் ஐயா, சண்டையில்லை. தம்பி, உங்களுக்கும் அண்ணனுக்கும் ஒன்று: பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு கூடுதல். 50 வயதானதும் வயிற்று ஸ்கேன் ஒன்று எடுத்துவிடுங்கள். அப்பாவுக்கு முழங்காலுக்குப் பின்னாலும் ஸ்கேன் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அங்கேயும் இதே வீக்கம் ஒளிந்திருப்பது உண்டு.

ஊத்தங்கரை_மருத்துவன்

முதல் ஆறு வாரம் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது. நிறைந்த கிரேடு மூன்று மாதம் கழித்து, அதுவும் தழும்பைப் பார்த்துவிட்டு. அவசரப்பட்டால் தையல் இளகிக் குடலிறக்கம் வரும், அதற்கு இன்னோர் அறுவை. நடை மட்டும் தினமும் கூடிக்கொண்டே போகட்டும். ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரையை நன்றாகிவிட்டது என்று நிறுத்தாதீர்கள். டி.ஜே. ஸ்டென்ட் எடுத்த சில வாரத்தில் சிறுநீரக வீக்கம் வடிந்ததா என்று சாதாரண ஸ்கேன் போதும், பாலக்கோட்டிலேயே எடுக்கலாம். தமனியில் வைத்த செயற்கைக் குழாய்க்கு முதலாண்டு முடிவில் ஒருமுறை ஸ்கேன், பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை. அதுவரை அவரைக் களத்துமேட்டில் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கிரேடு எண்ணச் சொல்லுங்கள். பீடிக்கட்டு பக்கத்தில் இருக்கிறதா என்று அம்மா பார்த்துக்கொள்வார்.